கையுறை மறுத்தல்

சங்கப் பாடல்களும் சிறுகதைகளும் பேசப்படுகிற இடத்தில், நாயை நடத்திச் செல்ல எந்தக் கையுறை நல்லது என்று ஒரு கட்டுரை எழுதினால் வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் துணிந்து எழுதுகிறோம். ஒரு குளிர்காலம் முழுவதும் அந்நிய மண்ணில் ஒரு நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்த இருவர், அந்த நடையில் கற்றதைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியன்று என்று தோன்றுகிறது. அது மட்டுமன்று, இந்தச் சின்னப் பொருள் எங்களைத் திரும்பவும் எங்கள் ஊர் வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தியது. அதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்துக்காரர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த நிலம் எங்களுடையது. கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துச் சிமென்ட் ஆக்குவது இன்று எங்கள் வட்டாரத்தின் தொழில். அங்கே குளிர் என்பது மார்கழி விடியலில் வந்து மாசியோடு விடைபெறும் விருந்தாளி. விடியற்காலை வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்கினாலே பெட்டிக்கடியில் கிடக்கும் குரங்குக் குல்லாய் வெளியே வந்துவிடும். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தலையைச் சுற்றித் துண்டு. ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: நம் மக்கள் குளிருக்கு மூடுவது காதைத்தான். பனி காது வழியாக உள்ளே இறங்குகிறது என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிறது பழமொழி. தரையும் மச்சும் அதில் உண்டு. விரல் இல்லை. நம் நிலத்தில் விரலைத் துளைக்கும் பனி இல்லை என்பதே காரணம்.

பழைய இலக்கியத்திலும் இப்படியே. கூதிர், முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுது ஆறில் மூன்றைக் குளிருக்கு ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்காற்று படுத்தும் பாட்டை விரிவாகவே காணலாம். ஆயர் நெருப்பைக் கையில் ஏந்திக் குளிர் காய்கிறார்கள். நகருக்குள்ளே குளிரில் நிலைகுலைந்த யாழ் நரம்புக்கும் மகளிர் தம் மார்பின் வெம்மையை ஏற்றுகிறார்கள். ஆனால் கையை உறையில் இட்டதாக எங்கும் இல்லை. குளிர் வந்தால் தீயருகே ஒதுங்குவதே வழக்கம். குளிரைப் பொருட்படுத்தாது நாள்தோறும், வேளை தவறாமல், அரை மணி நேரம் வெட்டவெளியில் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்காது. எங்களுக்கு அந்தக் கட்டாயத்தை ஏற்படுத்தியது ஒரு நாய்.

மகள் வீடு டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் இருக்கிறது. தம்பதி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பேத்தியின் பிடிவாதத்தால் வீட்டுக்கு வந்த லாப்ரடார் ஒன்று, 30 கிலோ எடையும் அளவில்லாத உற்சாகமுமாக அங்கே வளர்ந்திருந்தது. எங்கள் ஊரில் நாய்கள் தாமாகவே உலவி, தாமாகவே திரும்பி வரும். அந்நகரத்தில் அது நடவாது. பொது இடத்தில் நாய் 2 மீட்டருக்கு மேற்படாத வாரில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது கழிப்பதை உடன் செல்பவர் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டும் நகர்மன்றச் சட்டம். பகல் வேளையில் வீட்டிலிருப்பவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால், நடத்திச் செல்லும் பொறுப்பு இயல்பாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. மழை, பனி, பண்டிகை எதுவும் நாய்க்குத் தெரியாது.

விமான நிலையத்திலிருந்து வந்த அன்றே மகள் இரண்டு சோடிக் கையுறைகளை எடுத்து நீட்டினாள். தடித்தவை; யானைக்கால் போல் இருந்தன. நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. திருச்சியில் வாங்கிய கம்பளி நூல் கையுறை எங்களிடம் இருந்தது. “இதுவே போதும்மா, எதுக்கு வீண் செலவு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்றே பேச வேண்டும். பழந்தமிழில் கையுறை என்றால் கைக்கு இடுகிற உறை அன்று. கையில் கொண்டுசென்று ஒருவருக்குக் கொடுக்கும் பொருள், காணிக்கை. அகப்பாடல்களில் தலைவன் தழையும் பூவும் கொண்டுவந்து தலைவிக்கென்று நீட்டுவான். அதை ஏற்காமல் தோழி சாதுரியமாகத் தட்டிக்கழிப்பதற்குக் கையுறை மறுத்தல் என்று துறைப்பெயரே உண்டு. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதல் பாட்டு, திப்புத்தோளார் பாடியது, இந்தத் துறையில் அமைந்ததுதான். அவன் காந்தள் பூவை நீட்டுகிறான். அது எங்கள் குன்றிலேயே வேண்டிய மட்டும் பூத்துக் கிடக்கிறது என்பது தோழியின் மறுமொழி. மகள் நீட்டியது கையுறை என்ற சொல்லின் இரு பொருளுக்கும் பொருந்தும். நாங்கள் மறுத்ததும் அந்தத் தோழியின் காரணத்தைச் சொல்லித்தான்: எங்களிடமே இருக்கிறது.

வித்தியாசம் என்னவென்றால் தோழியிடம் காந்தள் உண்மையிலேயே இருந்தது.

ஜனவரி மாதத்து ஒரு காலை. வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 10 என்று காட்டியது. காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் வீசிக்கொண்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் வெளியே தெரியும் தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழ் 20 போல் ஆகிவிடும் என்ற கணக்கு அப்போது எங்களுக்குத் தெரியாது. நூல் கையுறை காற்றைத் தடுக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அதன் துளைகள் எல்லாவற்றிலும் காற்று நுழைந்தது. ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொள்ளலாம். வாரைப் பிடித்த கையை என்ன செய்வது? முதலில் வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தோம். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றியபோது மூன்று விரல் நுனிகள் சாம்பல் பூத்து, மெழுகு பூசியதுபோல் இருந்தன. கிள்ளினால் உணர்வில்லை.

எங்களில் ஒருவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. கை கால் நரம்புகளை அது மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்யும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதான். காலில் முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிப் போனவர்கள் நம் உறவில் எத்தனை பேர்! அதே மரப்பு கையில் இருந்தால், குளிர் கடிப்பதும் தெரியாது, கடித்து முடிப்பதும் தெரியாது. வெள்ளைத் தோலில் முதலில் சிவப்பாகவும் பிறகு வெளுப்பாகவும் தெளிவாகத் தெரியும் எச்சரிக்கை, நம் தோலில் மங்கலான சாம்பல் நிறமாகத்தான் தெரியும். தெரியாதவர் கவனிக்கமாட்டார். மகள் கவனித்தாள். 37 பாகை முதல் 39 பாகை வரையிலான இளஞ்சூட்டு நீரில் கையை வைக்கச் செய்தாள். தேய்க்கக் கூடாது, அடுப்பருகே காட்டக் கூடாது என்றாள். மரத்த கைக்குச் சூடும் தெரியாதல்லவா? நல்வேளையாக மேல்தோலோடு போயிற்று. உயிர் திரும்பும்போது விரல்கள் எரிந்த எரிச்சலை மறக்க முடியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த எரிச்சலைவிட, மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் நீரின் சூட்டைத் தன் முழங்கையால் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் அதிகம் சுட்டது.

அதன் பிறகே கையுறையைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கினோம். கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “இது எவ்வளவு குளிர் தாங்கும்?” என்பது. எங்கள் கருத்தில் அது இரண்டாவது கேள்வியாகவே இருக்க வேண்டும். இந்தக் கை என்ன வேலை செய்யப்போகிறது என்பதே முதற் கேள்வி.

நாயை நடத்தும் கை செய்யும் வேலை விசித்திரமானது. அது அசைவதில்லை, மூடியபடியே இருக்கிறது. அசையாத கையில் வெப்பம் குறைவாகவே உண்டாகும். இறுக்கிப் பிடித்த பிடியில் இரத்த ஓட்டமும் குறையும். கையுறை வெப்பம் காப்பது, அதன் பஞ்சுக்குள் சிறைப்பட்ட காற்றினால். வாரை அழுத்திப் பிடிக்கும்போது உள்ளங்கைப் பக்கத்துப் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. பறவையின் மென்தூவி நிரப்பிய விலையுயர்ந்த கையுறைகள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. தூவி நசுங்குவதில் முதன்மையானது. ஈரம் பட்டால் அதற்குமேல் பயனில்லை. உள்ளங்கையில் செயற்கைப் பஞ்சும், புறங்கையில் எதுவாயினும் சரி என்பது நாங்கள் கண்ட முடிவு. வெளியுறை காற்றையும் நீரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். நாய் பனியில் புரண்டு வந்து கையில் முகம் துடைத்துக்கொள்ளும் பிராணி என்பதை மறக்கலாகாது.

அடுத்து, ஐந்து விரல் உறையா, மிட்டனா என்ற வழக்கு. மிட்டன் என்பது கட்டைவிரலுக்கு ஓர் அறை, மற்ற நான்குக்கும் பொதுவாக ஓர் அறை கொண்ட உறை. விரல்கள் அதில் கூட்டுக் குடித்தனம் செய்கின்றன. ஒன்றின் வெம்மை மற்றொன்றுக்கு உதவுகிறது. ஐந்து விரல் உறையில் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். வெப்பத்துக்கு மிட்டனே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூட்டுக் குடித்தனத்துக்கே உரிய சிக்கலும் உண்டு. தனியாக ஒரு காரியமும் செய்ய முடியாது. கழுத்துப் பட்டையில் வாரின் கொக்கியை மாட்ட வேண்டும். பையை விரித்து, குனிந்து, நாய் கழித்ததை எடுத்து முடிச்சிட வேண்டும். மிட்டனோடு இதைச் செய்ய முயன்ற முதல் நாள் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்து வழிப்போக்கர் ஒருவர் நின்று சிரித்துவிட்டுப் போனார். மிட்டனைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் கொக்கியைத் தொட்டால், இரும்பு நம் சூட்டை உறிஞ்சும் வேகம் தனி.

எனவே இரண்டும் வேண்டும் என்கிறோம். உள்ளே மெல்லிய ஐந்து விரல் உறை, மேலே தளர்வான மிட்டன். உள்ளுறை மெரினோ கம்பளியாக இருப்பது நல்லது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததுபோல் தோன்றாது. பருத்தி வேண்டவே வேண்டாம். ஆடையில் பருத்தியைவிட உயர்ந்தது இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்துணியாக விரலைச் சுற்றிக்கொள்வதால் அந்தக் குளிருக்குப் பருத்தி பகை. மிட்டன்களை மணிக்கட்டோடு பிணைக்கும் கயிறு அவசியம். வேலை வரும்போது மிட்டனை உருவிவிட்டால் அது தொங்கிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் கையை நுழைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குரியது என்று மகள் கேலி செய்தாள். பனியில் விழுந்த ஒற்றை மிட்டனைக் காற்று தூக்கிச்சென்றதை ஒருமுறை கண்டபின் கேலியைப் பொருட்படுத்தவில்லை.

அளவு பற்றி ஒரு சொல். நம்மவர்கள் எதையும் பிடிப்பாக வாங்குபவர்கள். இல்லையேல் வளர்ந்தபின் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குபவர்கள். இறுகிய உறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், காற்றுக்கும் இடமிராது. மிகத் தளர்ந்தால் பிடி நழுவும். உள்ளுறையை அணிந்துகொண்டே கடைக்குச் சென்று, அதன்மேல் மிட்டனைப் போட்டு, ஒரு வாரைக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மணிக்கட்டு மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இரத்தக் குழாய்கள் தோலுக்கு வெகு அருகில் ஓடும் இடம் அது. கோட்டின் கைக்கும் உறைக்கும் இடையே இரண்டு விரற்கடை திறந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். வேலைக்கான கையுறைகளில் ஐரோப்பியரின் இஎன் 511 என்ற தரக்குறி இருந்தால், அதன் மூன்று எண்கள் காற்றுக் குளிர், தொடுகுளிர், நீர் புகாமை என்ற மூன்றையும் தனித்தனியே சொல்லும். தொட்டுப் பிடிக்கும் கைக்கு நடு எண்தான் முக்கியம். கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் மெல்லிய தோல் கையுறைகள் காரோட்டிச் செல்பவர்களுக்கானவை. மின்கலத்தால் சூடேறும் கையுறைகளும் உண்டு. உணர்விழந்த விரலுக்கு அதன் சூடே ஆபத்தாகலாம் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் முதலிடம் கொடுப்பது பிடிக்கு. காரணம் உண்டு. தடித்த, வழுவழுப்பான உறையோடு நைலான் வாரைப் பிடித்தால் அது நழுவும். நழுவுகிறதே என்று கைமேல் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஓர் அணிலைக் கண்டு 30 கிலோ நாய் பாய்ந்தால், சுற்றிய வார் விரல்மேல் சுருக்குக் கயிறாக இறுகும். அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில், நாயை வாரில் நடத்திச் சென்று காயமுற்று அவசரச் சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 22 ஆயிரம் பேர் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். காயங்களில் முதலிடம் பெற்றது விரல் எலும்பு முறிவு. ஆகவே உள்ளங்கையில் ரப்பர் அல்லது சொரசொரப்பான தோல் தைத்த மிட்டன், தட்டையான நாடாவுக்குப் பதிலாகக் கயிறு போல் பருத்த வார். வாரின் வளையத்தைக் கையில் மாட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் போதும், சுற்றவே கூடாது. வெப்பம் குறைந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பிடி போனால், வழுக்கும் பனித்தரையில் விழுந்த வயோதிகர் திரும்புவது சுலபமன்று.

எங்களைப் பற்றியே பேசிவிட்டோம், நாய்க்குக் குளிராதா? கடும்பனி கண்ட முதல் நாள் எங்களுக்கும் அந்தக் கவலை வந்தது. பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதை நம் இரத்தத்தில் ஊறியதல்லவா? கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கி மாட்டினோம். அது தரையில் புரண்டு புரண்டு அதைக் கழற்ற முயன்றது. லாப்ரடாருக்கு இயற்கையிலேயே இரட்டை அடுக்கு ரோமம் உண்டு என்றும், அதைவிடக் குட்டை ரோமமுள்ள நம் சிப்பிப்பாறை போன்ற நாய்க்குத்தான் போர்வை தேவை என்றும் பிறகு அறிந்தோம். லாப்ரடாருக்கு உண்மையில் தேவைப்பட்டது பாதத்துக்கு. சாலையில் பனி இறுகாமலிருக்கத் தூவும் உப்பு அதன் பாதங்களை அரித்து வெடிக்கச் செய்திருந்தது. அது நக்கினால் வயிற்றுக்கும் கேடு. திரும்பியதும் வெந்நீர்த் துணியால் பாதம் துடைக்க வேண்டியிருந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை. பேகன் செய்ததைக் கொடைமடம் என்று சொல்லி நம் மரபு புகழ்கிறது. மயிலுக்குப் போர்வை தேவையா என்று ஆராயாமல் கொடுத்த பேதைமையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வள்ளலுக்கு அது அழகு. கைக்கும் காலுக்கும் உறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு அழகன்று.

இந்தப் பாடத்தை நாங்கள் முழுமையாகக் கற்கவில்லை என்பது ஊர் திரும்பியபின் தெரிந்தது.

பங்குனியில் ரெட்டிபாளையம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாளாக மூன்று பெண்கள் வந்தார்கள். எங்கள் மண்ணிலிருந்து எடுத்த கல், எங்கள் பக்கத்திலேயே அரைபட்டு மூட்டையில் அடைபட்டு, எங்கள் வாசலில் வந்து இறங்கியது. அதை மணலோடும் நீரோடும் கலந்து வெறுங்கையால் அள்ளினார்கள். ஆண்டாண்டாகப் பார்த்த காட்சிதான். ஆனால் மூன்று மாதம் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த கண்களுக்கு அன்று அந்தக் கைகள் தெரிந்தன. விரலிடுக்குகள் வெடித்திருந்தன. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, மாலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவார்கள்.

நீர் பட்ட சிமென்ட் கடுங்காரம்; அதன் காரநிலை 12க்கும் மேல். தோலை அது மெல்லத் தின்னும். பனியைப் போலவே, கடிக்கும்போது உடனே தெரிவதில்லை. மணிக்கணக்கில் கழித்தே எரியும். அதிலுள்ள அறுதிறன் குரோமியம் ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், அநேகமாக ஆயுள் முழுவதும் அது நீங்குவதில்லை. பிறகு சிமென்டைத் தொட்டாலே கை கொப்புளிக்கும். ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமென்டில் கரையும் இந்தக் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேற்படாதபடி கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஆலைக்குள் வேலை செய்பவருக்குப் பாதுகாப்புக் கருவி தர வேண்டும் என்பது விதி. மூட்டை ஆலையை விட்டு வெளியே வந்து ஒரு வீட்டு வாசலில் இறங்கியதும் அந்த விதி யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை. வீடு கட்டுகிற நம் பொறுப்பு என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

உடனே அரியலூர் சென்று மூன்று சோடி தடித்த ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தோம். கொடுத்த கையோடு எங்களுக்குள் ஒரு பெருமிதமும் வந்தது என்பதை மறைப்பானேன். மறுநாள் அவை மணற்குவியலின் மேல் கிடந்தன. கேட்டதற்கு மூவரில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கோச்சிக்காதீங்கம்மா. உள்ள வேர்த்து கையி ஊறிப்போவுது. சட்டியப் புடிச்சா வழுக்குது. இது ஆம்பளைங்க கைக்குத் தச்சதும்மா.”

கையுறை மறுத்தல்! இம்முறை கொடுத்தவர்கள் நாங்கள், மறுத்தவர் அவர். டொராண்டோவில் கற்றதெல்லாம் எங்கே போயிற்று? கை என்ன வேலை செய்யப்போகிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. சட்டியின் விளிம்பைப் பிடிக்கும் கை, கரண்டி எடுத்துக் கொடுக்கும் கை, பங்குனி வெயிலில் வியர்க்கும் கை, அதிலும் சிறிய பெண் கை. மயிலுக்குப் போர்வை ஈந்தோம். நாய்க்குச் சட்டை மாட்டினோம். இதுவும் அந்த வரிசைதான்.

இரண்டாம் முறை அவர்களுள் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். மெல்லிய நைட்ரைல் உறையில் சிறிய அளவு கிடைத்தது. உள்ளங்கை சொரசொரப்பாக இருந்ததால் சட்டி நழுவவில்லை. தோலாலும் துணியாலும் ஆன உறைகள் சிமென்ட் நீரைக் குடித்துக் கையோடு ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால், குளிருக்கு விலக்கிய பருத்தியை இங்கும் விலக்கினோம். ஆளுக்கு இரண்டு சோடி. ஒன்று வியர்த்து ஈரமானால் மாற்றிக்கொண்டு மற்றதைக் கழுவி உலர்த்த. உணவு வேளையில் கழற்றிக் கை கழுவ ஒரு வாளி நல்ல நீர். மூவரில் இருவர் வேலை முடியும்வரை அணிந்தார்கள். மூன்றாமவர் பாதி நாள் அணிவார், பாதி நாள் இடுப்பில் செருகிக்கொள்வார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. பல ஆண்டுகள் இல்லாமலேயே இருந்த ஒன்றை ஒரு வாரத்தில் பழகு என்று சொல்ல, நூல் கையுறையோடு அடம்பிடித்த எங்களுக்கு என்ன தகுதி?

மூன்று பெண்களுக்கும் ஆன மொத்தச் செலவு, மகள் எங்கள் இருவருக்கும் வாங்கிய மிட்டன்களின் விலையில் சிறு பகுதிகூட வராது. நாயோடு உலாவும் கைக்கு உள்ளுறை, வெளியுறை, மாற்றுறை என்று மூன்று சோடி இருக்க வேண்டும் என்பது இன்று எங்களுக்கு நியாயமாகத் தோன்றுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீடு கட்டுபவர்களாகிய நாம், எங்கள் ஊர்ச் சிமென்ட் போகும் இடமெல்லாம், அதைக் குழைக்கும் கைக்கு ஒரு சோடியும் தருவதில்லை. செலவு தடுக்கவில்லை, அந்தக் கையை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதியது இரண்டு வேண்டுகோள்களுக்காக. குளிர்தேசத்துப் பிள்ளைகளுக்கு முதலாவது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால், முன்கூட்டியே கையுறை வாங்கி வைத்து வியப்பில் ஆழ்த்த வேண்டாம். அவர்களைக் கடைக்கு அழைத்துப் போங்கள். உறையை மாட்டி, நாயின் வாரைக் கையில் கொடுத்து, கொக்கியை மாட்டச் சொல்லி, பையை முடிச்சிடச் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை உள்ளவராயின் நடை முடிந்த ஒவ்வொரு முறையும் விரல் நுனிகளைப் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். வலிக்கவில்லை என்பது சில வேளைகளில் நல்ல செய்தி அன்று.

இரண்டாவது, இங்கே வீடு கட்டுபவர்களுக்கு. கம்பி, மணல், ஜல்லி, சிமென்ட் என்று கணக்குப் போடும் தாளின் கடைசி வரியில் கையுறையையும் எழுதுங்கள். எழுதுமுன் அதை அணியப்போகிறவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால், அந்தத் தோழியின் மறுப்புக்கு இருந்ததுபோல் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை அவர் கைக்குப் பொருந்துவதாக வாங்கி வாருங்கள்.

மகளிடமிருந்து நேற்றுத் தொலைபேசி வந்தது. இந்தக் குளிர்காலத்துக்கும் வரச் சொல்கிறாள். மிட்டன்களைத் துவைத்து, கயிறு பிணைத்தபடியே எடுத்து வைத்திருக்கிறாளாம். நாய் அவற்றை மோந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம்.